பிலிம் போடாத கேமரா

எங்கள் தெருவில் நித்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போகிறவள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தப் போவதாகச் சொன்னாள். "ஆன்ட்டி, உங்க ஸ்டூடியோ காலத்து வார்த்தைங்க கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். இப்ப அதெல்லாம் யாருக்கும் தெரியல" என்றாள். வார்த்தை என்றால் இங்கிலீஷ் வார்த்தை. போட்டோ, சினிமா, டிராமா என்று மூன்று இடத்திலிருந்தும் புறப்பட்டு வந்து எங்கள் ஸ்டூடியோவில் குடியேறிய வார்த்தைகள். சரி என்று எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் ஒரு ஆள் வந்து நின்றுகொண்டு என்னையும் சேர்த்து எழுது என்கிறார். அவள் கேட்டது ஒரு பக்கம். இது அதற்குள் அடங்காது. கேட்டவள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் எஸ்தர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அறுபதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். போர்டில் எழுதாத ஒரு உத்தியோகப் பெயர் எனக்கு இருந்தது. லேடீஸ் அட்டெண்டன்ட். படம் எடுத்துக்கொள்ள வரும் பெண்களின் முகவாயைத் திருப்புவது, முந்தானையைச் சரிசெய்வது, பின்னலை எடுத்து முன்னால் போடுவது, வழியும் எண்ணெயைப் பவுடரால் அடக்குவது, இவைதான் வேலை. அதுவரை அந்த ஸ்டூடியோவில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். "தலையை லேசா லெஃப்ட்ல சாயுங்கம்மா" என்று முதலாளி தூரத்தில் இருந்தே சொல்வாராம். அந்த அம்மாள் உடம்போடு திரும்பி உட்காருவாராம். கிட்டே போய் ஒரு விரலால் முகவாயைத் தொட்டால் போதும், கூட வந்த கணவர் முறைப்பார். அதனால் ஒரு பெண்ணைத் தேடினார்கள். எங்கள் சர்ச்சில் சொன்னார்கள், நான் போனேன். "போட்டோ புடிக்கற கடையில பொண்ணுக்கு இன்னா வேல?" என்று என் அம்மா ஒரு வாரம் முனகினார். பிறகு தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

முதலாளியின் பெயர் வரதன். வரதன் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கோடம்பாக்கத்தில் ஏதோ ஒரு சினிமா கம்பெனியில் ஸ்டில் எடுப்பவருக்கு உதவியாளாகப் பல வருடம் இருந்துவிட்டு, ஒரு நாள் கோபித்துக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறித் தாம்பரத்தில் இறங்கியவர். அங்கிருந்து ஒரு பழைய ஸ்டாண்டு லைட்டும் ஒரு மூட்டை இங்கிலீஷும் கொண்டுவந்தார். அவரைப் பொறுத்தவரை இங்கிலீஷில் பெயர் இல்லாத வேலை வேலையே அல்ல. டீ குடிக்கப் போனால் இன்டர்வெல். கடை திறந்ததும் ஊதுபத்தி காட்டுவது பூஜை ஷாட். படம் எடுத்துக்கொள்ள ஒருவர் வந்தால் கூடவே நான்கு பேர் வந்து பெஞ்சில் உட்காருவார்களே, அவர்கள் எக்ஸ்ட்ரா. என்னைத் திட்டுவதாக இருந்தால் கூட "எஸ்தர், கன்டினியூட்டி போச்சும்மா" என்பார். காலையில் வைத்திருந்த பூச்சாடியை நான் மாலையில் வேறு பக்கம் வைத்துவிட்டேன் என்று அர்த்தம்.

ஆனால் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டால் அந்த மனிதர் வேறு ஆள். பெரிய மரக் கேமரா. அதன் பின்னால் தேய்த்த கண்ணாடி ஒன்று உண்டு, கிரவுண்ட் கிளாஸ் என்போம். அதில்தான் படம் விழும், தலைகீழாக விழும். முதல் நாள் என்னையும் துணிக்குள் பார்க்கச் சொன்னார். குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா நாற்காலியோடு கூரையில் தொங்கிக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். வரதன் சார் சிரிக்கவில்லை. "தலைகீழா பாக்கும்போதுதாம்மா தப்பு தெரியும். நேரா பாத்தா மனுஷன் முகத்தையே பாத்துக்கினு இருப்போம். இப்ப பாரு, வலது தோள் எவ்ளோ எறங்கியிருக்கு" என்றார். பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.

வார்த்தைகளுக்கு வருகிறேன். மார்பு வரை எடுத்தால் பஸ்ட். முழு உருவம் எடுத்தால் ஃபுல் ஃபிகர். பக்கவாட்டு முகம் புரொஃபைல், அதை யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு கண்ணுக்கு எதற்குக் காசு என்பார்கள். பின்னால் தொங்கும் ஓவியத் திரைக்கு ஸ்கிரீன் என்று பெயர். எங்களிடம் ஊட்டி ஏரி, பங்களா மாடிப்படி, வெறும் மேகம் என்று மூன்று திரைகள் இருந்தன. மேகத்துக்குக் கிராக்கி அதிகம். கையில் வைத்துக்கொள்ளவும் பக்கத்தில் வைக்கவும் உள்ள சாமான்கள் ப்ராப்பர்ட்டி. அது நாடகக்காரர்களின் வார்த்தை. எங்கள் ப்ராப்பர்ட்டியில் ராஜா யார் என்றால் டெலிபோன்தான். ஒயர் அறுந்த, உள்ளே ஒன்றும் இல்லாத டெலிபோன். பல்லாவரத்துத் தோல் ஷாப்பு மேஸ்திரியிலிருந்து புதுக் கல்யாண ஜோடி வரை எல்லோரும் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரு அம்மாள் அதைக் காதில் வைத்ததும் மெதுவாக "அலோ" என்றார். "டயலாக் வேணாம்மா, இது ஸ்டில்" என்றார் வரதன் சார்.

இந்த வார்த்தைகள் சும்மா கடையோடு நிற்கவில்லை, என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டன. சோறு குழைந்தால் ஓவர் டெவலப் ஆயிடுச்சு என்பேன். அடுப்புப் புகை சூழ்ந்தால் ஃபாக். என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். சாதுவான மனிதர். மாதக் கடைசியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அண்டர் எக்ஸ்போஸ் என்று சொல்வேன். அவருக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் திட்டவில்லை என்று மட்டும் தெரியும்.

மூன்று நான்கு வருடத்தில் டச்சிங் வேலையும் என் கைக்கு வந்தது. சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, கீழே கண்ணாடியை வைத்து வெளிச்சத்தை மேலே திருப்பி, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள குழிகளை நிரப்புவது. அம்மைத் தழும்பு இல்லாத முகம் அந்தக் காலத்தில் குறைவு. கோடு போடக் கூடாது, சின்னச் சின்னதாய்ச் சுழிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஆரம்பத்தில் நான் உற்சாகமாக ஒரு தழும்பு விடாமல் எடுத்துவிட்டேன். வரதன் சார் பிரிண்டைத் தூக்கிப் பார்த்தார். "நல்லாருக்கு. யாரு இது?" என்றார். அதிலிருந்து பாதிதான் எடுப்பேன். பெற்றவள் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பது அவர் வைத்த அளவு.

இனி, நித்யாவின் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க முடியாத வார்த்தை ஒன்று. டம்மி.

எழுபதுகளில் கல்யாணத்துக்குப் படம் எடுப்பது பரவலானது. எலெக்ட்ரானிக் ஃபிளாஷும் வந்துவிட்டது. தோளில் பேட்டரிப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு போவோம். ஃபிளாஷ் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கும், ஆனால் பிலிம் கிடைக்காது. மவுண்ட் ரோடு கடைகளில் நாயாய் அலைந்தால் ஒன்றோ இரண்டோ தருவார்கள். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். கல்யாண வீட்டிலோ மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு ஒன்று, அவர் புதுக் குடையோடு இன்னொன்று, அத்தைக்குத் தனியாக ஒன்று. எடுக்க மாட்டேன் என்றால் சண்டை. இதற்கு எல்லா ஸ்டூடியோக்காரர்களும் ஒரு வழி வைத்திருந்தார்கள். பிலிம் போடாத கேமரா. அதைக் கண்ணருகே கொண்டுபோய், "ரெடி, ஸ்மைல்" என்று சொல்லி, ஃபிளாஷை ஒரு தடவை மின்னவிட்டால் பெரியப்பா திருப்தியாகப் பந்திக்குப் போய்விடுவார். பிறகு படம் எங்கே என்று கேட்டால், சரியாக விழவில்லை என்று சொல்லிவிடலாம். வரதன் சாரிடம் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கேமராக்கள் இருந்தன. டம்மியின் வாரில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருப்பார். சிவப்பு நூல் என்றால் பெரியப்பாவுக்கு. நூல் இல்லாதது பெண் மாப்பிள்ளைக்கு. இரண்டும் அவர் கழுத்திலேயே தொங்கும். டம்மியில் எடுக்கும்போதும் ஒரு குறை வைக்க மாட்டார். ஒரு கண்ணை மூடி, பின்னால் ஒரு அடி நகர்ந்து, "சார், கொஞ்சம் லைட்டுக்கு வாங்க" என்று அழைத்து, கைப்பிடியைச் சுற்றி, எல்லாம் செய்வார். நடிப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கிரேஸ் என்ற பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறேன். சேலையூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா இல்லை. அம்மாவுக்கு நெஞ்சில் காசம், சானடோரியம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்யாணத்தன்று ஒரு மணி நேரம் கூட வெளியே விட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கிரேஸே ஸ்டூடியோவுக்கு வந்து, எங்கள் எதிரில் உட்கார்ந்து, ஒரு ரோலுக்கு ஏற்பாடு செய்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"சார், தாலி கட்டறத எங்கம்மா உங்க போட்டோவுலதான் பாக்கணும். அது மட்டும் நல்லா வந்துடணும்."

வரதன் சார் எழுந்தே நின்றுவிட்டார். "லாங் ஷாட் ஒண்ணு, மிட் ஷாட் ஒண்ணு, க்ளோஸ்-அப் ஒண்ணு. உங்கம்மா முதல் பெஞ்சில உக்காந்து பாத்த மாதிரி இருக்கும். நீங்க கவலைப்படாம போங்க" என்றார்.

கல்யாணத்தன்று காலை சர்ச் காம்பவுண்டில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போது ஒரு சின்ன விபத்து. பிலிம் போட்ட கேமராவின் வார் அறுந்துவிட்டது. கேமரா கீழே விழவில்லை, வரதன் சார் தொடையில் அணைத்துப் பிடித்துவிட்டார். பிலிம் கேமராவுக்குத்தான் பலமான வார் வேண்டும் என்று டம்மியின் வாரைக் கழற்றி அதற்கு மாட்டினார். டம்மிக்கு, பந்தல் அலங்காரத்தில் மிஞ்சிய ரிப்பனை முறுக்கிக் கட்டி மாட்டிக்கொண்டார். "டெம்பரரி அரேஞ்ச்மென்ட்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கிரேஸின் முக்காட்டைச் சரிசெய்ய உள்ளே ஓடிவிட்டேன். வார் மாறியபோது சிவப்பு நூலும் கூடவே மாறியது. அவருக்கு அது தெரியாததல்ல, மாற்றியவரே அவர்தான். ஆனால் ஆர்கன் வாசிக்க ஆரம்பித்து, கூட்டம் எழுந்து நின்று, மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டையைப் பிடித்து இழுத்துப் படம் கேட்டபோது, பல வருடப் பழக்கத்தில் அவர் கை சிவப்பு நூலைத் தேடிப் போயிருக்கிறது. சர்ச் ஐயர் ஜெபம் செய்து தாலியை எடுத்துக் கொடுத்தபோது, நூல் இல்லாததைத் தேடிப் போயிருக்கிறது.

அன்றைக்கு எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கல்யாணம் பிரமாதமாக நடந்தது. பிரியாணி கொஞ்சம் காரம். பந்தி நடந்துகொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய வயதான மனிதர் ஒருவர், காம்பவுண்டு ஓரம் புளியமரத்தடியிலிருந்து வந்தார். சர்ச்சுக்குள் அவரை நான் பார்க்கவில்லை. கிரேஸின் கையில் காகிதம் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, வரதன் சாரிடம் தயங்கித் தயங்கி என்னவோ கேட்டார். நான் தள்ளி நின்றிருந்தேன், என்ன கேட்டார் என்று காதில் விழவில்லை. வரதன் சார் வழக்கமான மரியாதையோடு அவரை கிரேஸ் பக்கத்தில் நிறுத்தி, லைட்டுக்கு நகர்த்தி, ஃபிளாஷ் அடித்தார். அவர் கும்பிட்டுவிட்டு, கை நனைக்காமலே போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். கிரேஸ் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் டார்க் ரூமுக்குப் போனார். கேமராவை வெளிச்சத்தில் திறக்கவே மாட்டார், எப்போதும் உள்ளே போய்த்தான். நான் வெளியே டச்சிங் மேசையில் இருந்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தமோ வழக்கமான பாட்டோ கேட்கவில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு, பின்பக்கம் திறந்த கேமராவோடு வந்து நின்றார். உள்ளே ஒன்றும் இல்லை.

"எஸ்தர், பேஜாராயிடுச்சும்மா. தாலியப் பூரா டம்மியில எடுத்துருக்கேன்."

இன்னொரு கேமராவில் இருந்த ரோலைக் கழுவிப் பிரிண்டு போட்டோம். பன்னிரண்டும் பளிச்சென்று வந்திருந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா குடையோடு, பெரியப்பா குடை இல்லாமல், பெரியப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு. பிரியாணி அண்டாவைச் சுற்றி நிற்கும் சமையல்காரர்கள். சந்தனக் கிண்ணத்துக்காக ஒன்றையொன்று கிள்ளும் இரண்டு பிள்ளைகள். பல்லில் சிக்கியதை நோண்டும் ஒரு சித்தப்பா. பூ சரிந்து விழ, வாய்விட்டுச் சிரிக்கும் கிரேஸ். கடைசிப் படத்தில் அந்த வெள்ளை வேட்டிக்காரர். வரதன் சார் எடுத்ததிலேயே அவர் வேண்டாம் என்று நினைத்தவை மட்டும் ஒன்று விடாமல் விழுந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சிறிது நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு பழைய சினிமாக்காரர் விழித்துக்கொண்டார். "ரீடேக் பண்ணிடலாம். மாடிப்படி ஸ்கிரீனக் கழட்டிட்டு, சர்ச் ஆல்டர் மாதிரி ஒரு செட். கலர் பேப்பர்ல ஜன்னல், பின்னாலருந்து லைட். ரெண்டு மெழுகுவர்த்தி ஸ்டாண்டு ப்ராப்பர்ட்டி. மாப்பிள்ளை பொண்ண வரச் சொல்லி, க்ளோஸ்-அப்ல தாலி கட்ற மாதிரி ஒரே ஒரு ஷாட். யாராலயும் கண்டுபுடிக்க முடியாது" என்றார். அவரால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "கிரேஸ் ஒத்துக்கணுமே சார்" என்றேன். உடனே பிரிண்டுகளை எடுத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். என்னையும் வரச் சொன்னார். பெண் அழுதால் என்ன செய்வது என்று பயம்.

பெண் அழத்தான் செய்தாள். வரதன் சார் ஒன்றையும் மறைக்கவில்லை. டம்மி என்றால் என்ன என்பது முதற்கொண்டு, வார் அறுந்தது, நூல் மாறியது எல்லாவற்றையும் வாசல்படியில் நின்றே சொன்னார். பிறகு ரீடேக் யோசனையையும் சொன்னார். கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். எங்கம்மாகிட்ட நடிச்ச போட்டோவக் காட்டிட்டு நான் எப்படி நிம்மதியா இருப்பேன்? இன்னைக்கு சாயங்காலம் விசிட்டர்ஸ் டைம். அம்மா வாசலப் பாத்துட்டே உக்காந்திருப்பாங்க, வெறுங்கையோட என்னால போக முடியாது. இருக்கறதக் குடுங்க. ஆனா நீங்களும் வரணும். நடந்தத நீங்களே சொல்லுங்க."

சாயங்காலம் மூன்று பேரும் போனோம். ஆஸ்பத்திரித் தோட்டத்தில் மரத்தடியில் சிமெண்டு பெஞ்சுகள். கிரேஸின் அம்மா தனம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஒடிந்துவிடுவது போல மெலிந்த உடம்பு. ஆனால் தலையை வழித்து வாரி, பவுடர் போட்டு, பூ வைத்திருந்தார். மகள் கல்யாணத்துப் படம் வருகிறது என்று வார்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தனம்மா அனகாபுத்தூர் நெசவுக்காரர் வீட்டுப் பெண். கிறிஸ்தவர் ஒருவரைக் காதலித்து, அவர் வேதத்துக்கு வந்து, கல்யாணம் செய்துகொண்டவர். அதோடு பிறந்த வீட்டு உறவு அறுந்துபோனது என்று கிரேஸ் வழியில் சொல்லியிருந்தாள்.

வரதன் சார் கும்பிட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். "அம்மா, ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. தாலி கட்ற சீன்ல..."

"அத்த அப்பால சொல்லு சார். போட்டோ எங்க, குடு" என்று அவர் கையிலிருந்து உறையைப் பிடுங்கினார் தனம்மா.

ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். நிதானமாக அல்ல, வேகமாக. ஒன்றைப் பார்த்ததும் அடியில் தள்ளிவிட்டு அடுத்தது. "இது யாரு, மாப்ள வூட்டுக் கெழவனா? இன்னாத்துக்கு இத்தினி வாட்டி நிக்கிறான்?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். சமையல்காரர்களின் படத்தில், "அண்டாவப் பாரு, கறியே கண்ணுக்குத் தெரியல" என்றார். கிரேஸ் சிரிக்கும் படத்தை ஒரு நொடி விரலால் தடவினார். அங்கேயும் நிற்கவில்லை, அடியில் தள்ளினார். எதையோ தேடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. தாலி கட்டும் படத்தைத் தேடுகிறார் என்று நினைத்தேன். வரதன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் படம் வந்தது. தனம்மாவின் கை நின்றது.

"வந்துகீறான்" என்றார் மெதுவாக.

"யாரும்மா?" என்றாள் கிரேஸ்.

"எங்க அண்ணன்டி. உன் தாய்மாமன்."

கிரேஸ் குனிந்து படத்தைப் பார்த்தாள். முந்தின நாள் வரை அவள் பார்த்திராத முகம் அது. தனம்மா படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார். "வார்டு ஆயா எங்க ஊர்க்காரி. இந்த மாறி, என் பொண்ணுக்குக் கண்ணாலம், இந்த சர்ச்சுல, இந்தக் கெழமன்னு அவகிட்ட சொல்லி அனுப்பிச்சேன். வருவான், வரமாட்டான்னு எட்டு நாளாத் தூக்கமில்ல."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"வரலன்னா? அந்த வருத்தம் உனுக்கு எதுக்கு, கண்ணாலத்தும்போது."

"ஒரு பொட்டலம் குடுத்தார்ம்மா. மயில் கழுத்துக் கலர்ல சேலை. நான் அவங்க வீட்டு சைடுன்னு நெனச்சு அலமாரில வெச்சிட்டேன்."

"அவனே தறில நெஞ்சிருப்பான்" என்றார் தனம்மா. கண்ணீர் பவுடரில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது, துடைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் படத்தை வாங்கக் கை நீட்டினார்கள், தரவில்லை.

வரதன் சார் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எப்படியும் சொல்லியாக வேண்டும் என்ற தீர்மானத்தோடு வந்தவர், சொல்லிவிட்டார். "அம்மா, உங்க பொண்ணுக்குத் தாலி கட்டின படம் ஒண்ணு கூட விழல. பிலிம் இல்லாத கேமராவுல எடுத்துட்டேன். இந்தப் படம்கூட, விழாதுன்னு நெனச்சுதான் எடுத்தேன்."

தனம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "தாலி அவ கழுத்துலயே கீது சார். பாத்தா தெரியல? அத்த வுடு. அத்தினி கூட்டத்துல எங்க அண்ணன எப்படி சார் கண்டுபுடிச்சு இட்டாந்து நிக்க வெச்ச?"

"நான் கூப்பிடலம்மா. அவராவே வந்து கேட்டாரு."

"கேட்டானா?" தனம்மா மறுபடி படத்தைப் பார்த்தார். "அவனா? ஒருத்தர்கிட்ட ஒரு வாய்த் தண்ணி கேக்கமாட்டானே. வாயத் தொறந்து கேட்டானா? எப்டி கேட்டான்?"

வரதன் சாருக்கு இதை வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்தார். தோட்டத்துக் கோடியில் இருந்த இன்னொரு மரத்தடிக்குப் போனார். அங்கிருந்து, தோளில் இல்லாத துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்பது போல ஒரு தடவை பின்னால் பார்த்தார். மறுபடி வந்தார். தரையைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். பெரிய கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டி மடிப்பில் துடைத்துக்கொண்டார். அந்த வெள்ளை வேட்டி மனிதரே எங்கள் முன்னால் வந்து நின்றார். பிறகு, காற்றுக் குரலில் கேட்டார்.

"சார், எங்க கொயந்தையோட ஒரு படம் எடுக்க முடியுமா?"

"கொயந்தைன்னா சொன்னான்?"

"ஆமாம்மா. எங்க கொயந்தைன்னார்."

தனம்மா படத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். கிரேஸ் அவர் முதுகில் கை வைத்தாள். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள், இன்னொருத்தி கை தட்டினாள், உடனே எல்லோரும் தட்டினார்கள். வார்டு வாசலில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். வரதன் சார் என்ன செய்வதென்று தெரியாமல் மேடையில் நிற்பவர் போல எல்லோருக்கும் கும்பிடு போட்டார். நானும் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

தனம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பெஞ்சில் நிமிர்ந்து, டிராமா பார்க்க உட்கார்ந்தவர் போல வசதியாக உட்கார்ந்தார்.

"ஒன்ஸ்மோர் சார்" என்றார்.

வரதன் சார் மறுபடியும் அந்த மரத்தடிக்கு நடந்தார்.